ஸ்பீக்கர் நகட்டும் ராஜேஸ்வரி

கூடத்தின் நட்டநடுவில் நின்று ராஜேஸ்வரி ஒரே ஒரு தட்டு தட்டினாள். உள்ளங்கைகள் 'பட்'டென்று மோதின. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தச் சத்தம் கூரையில் முட்டி, சுவரில் இடித்து, தன்னிடமே திரும்பி வருவதைக் கேட்டாள். பிறகு ஜன்னலோரம் போய் இன்னொரு தட்டு. கழுத்தில் மாலைபோலத் தொங்கிய இஞ்ச் டேப் ஆடி நின்றது.

"இங்கன கலகலங்குது. டப்பாக்குள்ள கோலிய உருட்டுன மாதிரி. ஏலே பிரின்ஸ், ஒன் கீபோர்டு பெட்டிய இங்கன வைக்காத. நூல் மூட்டைப் பக்கம் நகட்டு."

பிரின்ஸ் மறுபேச்சுப் பேசாமல் நகட்டினான். கீபோர்டு வாசிப்பவன் அவன்தான், மெல்லிசைக் குழுவை நடத்துகிறவனும் அவன்தான். அந்தக் கூடமும் அவன் குடும்பத்துத் தறிக்கூடம். அவன் அப்பா பாதித் தறிகளை விற்றபிறகு ஒரு பக்கம் காலியாகி, நூல் மூட்டைகள் அடுக்கும் இடமாயிற்று. மிச்சமிருக்கும் தறிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. சங்கரன்கோவிலில் அந்தத் தெரு முழுக்க வாய்மூடிக் கிடக்கும் ஒரே நாள் அது. அந்த நாளில்தான் ஒத்திகை.

ராஜேஸ்வரி குழுவில் பாடுகிறவளும் இல்லை, வாசிக்கிறவளும் இல்லை. அடுத்த கட்டடத்தில் பிளவுஸ் தைக்கிறவள். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. தாலிச் செயினில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கும். துணியில் கோடு போடும் சாக்பீஸ் எந்நேரமும் இடது கையில் இருக்கும். அதே சாக்பீஸால் ஞாயிறுதோறும் தறிக்கூடத்துத் தரையில் வட்டம் போடுவாள். பாடுகிற ஹெலனுக்கு ஒரு வட்டம், கிட்டார் மாரிக்கண்ணனுக்கு ஒன்று, பிரின்ஸுக்கு ஒன்று. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி, வளைவாக. வட்டத்தை விட்டு ஒருவரும் காலை வெளியே வைக்க முடியாது.

டிரம் வாசிக்கும் சுடலைராஜுக்கு இதில் ஒரு பொறாமை உண்டு. அவர் புளியங்குடி பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்துதேன், ஒரு பய நகரமாட்டான். இந்தம்மா ஒரு சாக்பீஸ வச்சு எல்லாரையும் நிறுத்தி வச்சிருக்கு" என்பார்.

சத்தத்தைப் பற்றிப் பேச ராஜேஸ்வரிக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. எல்லாம் தையல் மேசையிலிருந்து வந்த சொற்கள். வாத்தியங்கள் பாட்டுக்காரியை நெருக்கினால், "குரலு கக்கத்துல பிடிக்குது" என்பாள். பேஸ் சத்தம் கும்மென்று பரவினால், "இடுப்புல தொளதொளங்குது." கிட்டார் அளவுக்கு மீறிப் பேசினால், "கழுத்து ரொம்ப எறங்கிட்டு." ஆரம்பத்தில் விழித்த குழு இப்போது அதே பாஷையில் பேசுகிறது. ஒருமுறை தென்காசி மண்டபத்தில், பிரின்ஸ் பழக்கதோஷத்தில் மைக் செட்காரரிடம், "அண்ணாச்சி, குரல் கக்கத்துல பிடிக்குது" என்று சொல்லிவிட்டான். அந்த மனுஷன் பதறிப்போய்த் தன் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாராம்.

முதன்முதலில் அவள் அங்கே வந்தது சண்டை போட.

தறிக்கூடத்துக்கும் அவளுடைய தையல் அறைக்கும் பொதுவாக ஒரு சுவர். பேஸ் பெட்டியை இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று அந்தச் சுவர் மூலையில் சொருகி வைத்திருந்தார்கள். ஒத்திகை தொடங்கினால் கிண்ணத்தில் கிடக்கும் கொக்கிகள் தவளைபோலக் குதிக்கும். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியை அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது மேசை அதிர்ந்தது. கத்தரி வழுக்கிவிட்டது. கையில் கத்தரியோடு அப்படியே வந்து வாசலில் நின்றாள்.

"பாட்டுப் படிக்கியளா, பாறை ஒடைக்கியளா?"

பிரின்ஸ் பயந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தான். அப்படியும் மூலை உறுமியது. அவளே உள்ளே வந்து பேஸ் பெட்டியைத் தறதறவென்று இழுத்துக் கூடத்துக்குள் விட்டாள். ஹெலனுக்குப் பின்னாலிருந்து தன் சுவரைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்த மைக் பெட்டியையும் அவள் விடவில்லை. அதைத் தூக்கிவரச் செய்து ஹெலனுக்கு எதிரே, தன் சுவருக்கு முதுகு காட்டும்படி வைத்தாள். "இப்பப் படிங்க, பாப்போம்" என்று சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஹெலன் ஒரு வரி பாடி நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "யக்கா! எங் குரலு எனக்கே கேக்குது!" அதுவரை பாட வாயைத் திறந்தாலே கூவிக்கொண்டிருந்த மைக்கும் அன்று வாயை மூடிக்கொண்டது. ஸ்பீக்கர் தன் முதுகுப்பக்கம் போய்விட்டதால் மைக்குக்கு அது கேட்கவில்லை என்று பிரின்ஸ் பிறகு விளக்கினான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எஞ் சுவரு ஆடக் கூடாது, அம்புட்டுதான்" என்று ராஜேஸ்வரி போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பழக்கத்தில் பெட்டி மறுபடி மூலைக்குப் போய்விட்டது. அவள் மறுபடி வந்தாள், இந்தத் தடவை கத்தரி இல்லாமல். அதற்கடுத்த ஞாயிறு பெட்டிகளை வெளியே எடுப்பதற்கு முன்பே வந்து நின்றாள். இன்றைக்கும் கேட்டால், "சுவத்தப் பாக்க வந்தேன்" என்றுதான் சொல்லுவாள்.

அவள் கணவர் குருநாதன், ஓர் அலுவலகத்தில் வேலைபார்க்கிற சாதுவான மனிதர். அவருக்கு ஒரே ஒரு குறைதான். "வீட்டுல மிக்ஸிய எங்கன வைக்கணும்னுகூடக் கையத் தட்டிப் பாக்கா."

சித்திரை வெயில் கொளுத்திய நாட்களில் மாரிக்கண்ணன் ஒரு புது ஆம்ப் வாங்கினான். கிட்டாருக்கென்றே உள்ள, ஸ்பீக்கரோடு சேர்ந்த பெட்டி. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலைபார்க்கிறவன் அவன். சுடலைராஜின் பஸ்ஸில் முன்சீட்டில் அதை உட்காரவைத்துக் கொண்டுவந்தான். அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. தரையில் சிவப்புத் துண்டு விரித்து, அதன்மேல் வைத்து, திருகைத் திருப்பினான். கூரையிலிருந்து தூசி கொட்டியது. அவன் முகம் பூரித்துவிட்டது.

அவன் கூட்டினால் பிரின்ஸ் கூட்டினான். பிரின்ஸ் கூட்டினால் சுடலைராஜ் ஓங்கி அடித்தார். ஹெலனுக்குக் கூட்டுவதற்குத் திருகு இல்லை, தொண்டைதான் இருந்தது. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் பேசும் தொண்டை. புளியங்குடியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு, அவள் ராஜேஸ்வரியின் தையல் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். குரல் கரகரவென்று இருந்தது.

"யக்கா, நான் பாடல, கத்துதேன். புளியங்குடிக்குப் பொறவு நான் வரல. எல்லாருட்டயும் சொல்லிட்டேன். பேச்சக் கொறைங்கன்னு டாக்டர் சொல்லுதாரு. கடையில கொறச்சா வேலைக்கு ஆவாது. அப்ப இங்கனதான கொறைக்கணும்?"

ராஜேஸ்வரி தைத்துக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஹெலன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பெட்டிகளை நகட்டலாம். யாருக்காக நகட்டுவது?

அன்று மதியம் வீட்டிலிருந்த போர்வை, ஜமுக்காளம், மிஞ்சிய லைனிங் துணி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனாள். கயிறு கட்டி நாலு சுவரையும் மூடினாள். நடுவில் நின்று தட்டினாள். சத்தம் கையிலேயே செத்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மனசு குளிர்ந்துபோய், "இப்ப வாசிங்க" என்றாள்.

வாசித்தார்கள். பாட்டு சவசவவென்று இருந்தது. சுடலைராஜ் குச்சியை மடியில் வைத்துவிட்டார்.

"ஏம்மா, போத்திப் படுத்துக்கிட்டு வாசிக்க மாதிரில்லா இருக்கு!"

ஹெலனுக்கு இன்னும் மோசம். சுவரிலிருந்து கொஞ்சமும் திரும்பி வராததால், போன குரல் எங்கே போயிற்று என்றே தெரியாமல் முன்னைவிட அழுத்திப் பாடினாள். இருமல் வந்துவிட்டது.

ராஜேஸ்வரி சற்று நேரம் போர்வைகளைப் பார்த்தாள். "லைனிங் கூடிட்டு. துணியவே காணோம்" என்று தானே ஒப்புக்கொண்டு பாதியை உருவினாள். டிரம்முக்குப் பின்னால் இருந்ததையும் எதிர்ச்சுவரில் இருந்ததையும் மட்டும் விட்டாள். இப்போது தட்டினால் சத்தம் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மிச்சமிருந்தது சந்தனப் பொட்டு வைத்த ஆம்ப்.

"ஏலே மாரி, இது ஒன் காலப் பாத்துல்லா கத்துது. ஒனக்கு முட்டியிலயா காது இருக்கு? ஒனக்குக் கேக்காம நீ கூட்டுத. முன்னால நிக்க பிள்ளைக்குக் காது அடைக்கி. முக்காலியில ஏத்தி, கொஞ்சம் மல்லாத்தி வையி."

"யக்கா, புதுப் பெட்டிக்கா. விழுந்துட்டுன்னா?"

"அப்பச் சத்தத்தையாவது கொறை."

"கொறச்சா அது கிட்டாரா? டீக்கடை ரேடியோ."

அவள் குனிந்து தானே திருகைக் குறைத்தாள். மாரிக்கண்ணனின் முகம் மாறிவிட்டது. வயரைப் பிடுங்கினான். "எல்லாரும் ஹெலனுக்கே தாங்குதீய. நானும் புளியங்குடியோட நிப்பாட்டிக்கிடுதேன்" என்று நூல் மூட்டை ஒன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டான். பிரின்ஸ் தலையில் கையை வைத்தான். பாட ஒருத்தி இல்லை, கிட்டாருக்கும் ஆள் இல்லையென்றால் பிறகு என்ன குழு?

ராஜேஸ்வரிக்கு உறைத்தது. ஒருத்தி போட்டிருக்கும் பிளவுஸை அவளைக் கேட்காமலே பிரித்ததுபோல அல்லவா செய்துவிட்டோம் என்று இருந்தது. அவன் எதிரே போய் நின்றாள்.

"தப்புதான், மாரி. ஒன் சாமான நான் தொட்டிருக்கக் கூடாது."

அவன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு பாட்டு. நீ ஹெலன் வட்டத்துல நின்னு படி. அவ ஒன் வட்டத்துல நிக்கட்டும். பெட்டி இருந்த எடத்துலயே இருக்கட்டும், நீ வச்ச சத்தமே இருக்கட்டும். பொறவு நீ போறதுன்னா போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பாட யாராவது கூப்பிடமாட்டார்களா என்று மாரிக்கண்ணனுக்கு நெடுநாளாக உள்ளூர ஓர் ஆசை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே எழுந்து வந்தான். வயரைத் திரும்பச் சொருகி, திருகையும் பழைய இடத்துக்கே ஏற்றினான். ஹெலன் கிட்டாரை வாங்கி மாட்டினாள். சர்ச்சில் கற்ற சில பிடிகள் அவளுக்குப் போதும். சுடலைராஜ் தாளம் எண்ணினார்.

ஹெலன் தந்திகளை இழுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். மாரிக்கண்ணன் வாயைத் திறந்தான். வாய் அசைவது எல்லாருக்கும் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடினான், பிறகு இரண்டையும் பொத்தினான். கையை மேலும் கீழும் ஆட்டிக் குறைக்கச் சொன்னான். ஹெலன் அவனைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள்.

"என்னது? கேக்கல!"

சுடலைராஜ் சிரிப்பை அடக்கமாட்டாமல் தாளத்தை விட்டுவிட்டார். பிரின்ஸ் கீபோர்டின் மேலேயே கவிழ்ந்துவிட்டான். மாரிக்கண்ணன் மூச்சு வாங்க நின்றான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இம்புட்டு நாளும் இதையா ஒன் காதுல அடிச்சேன்? சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"சொன்னேன். ஒனக்குத்தான் கேக்கல."

அவனே போய் முக்காலியை எடுத்துவந்தான். ஆம்பை அதன்மேல் ஏற்றி, முன்பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகி மல்லாத்தினான். தன் வட்டத்தில் நின்று ஒரு தந்தியைத் தட்டினான். சத்தம் நேரே மூஞ்சியில் அறைந்தது. "யப்பா!" என்று பின்வாங்கி, யாரும் சொல்லாமலே திருகைக் குறைத்தான். மறுபடி தட்டினான். மறுபடி குறைத்தான்.

அதன்பிறகு ராஜேஸ்வரி தன் வழக்கமான முறையில் சேர்த்தாள். முதலில் ஹெலனின் மைக். கூவப் போகிற இடம்வரை ஏற்றவைத்து, ஒரு பொட்டு இறக்கவைத்து, அங்கேயே நிறுத்தச் சொன்னாள். அடுத்து டிரம், அந்தக் குரலை மூடாத அளவுக்கு. அதற்குக் கீழே மற்றவர்கள், ஒவ்வொருவராக. இந்தத் தடவை எந்தத் திருகையும் அவள் தொடவில்லை. அவரவரைக் கேட்டு, அவரவர் கையாலேயே வைக்கச் சொன்னாள்.

ஹெலன் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தாள். வரவேற்பில் பாடப் பயந்து, பட்டியலிலிருந்து அவளே தள்ளிவைத்திருந்த பாட்டு. முதல் வரியை ஏறக்குறையப் பேசுவதுபோலத்தான் விட்டாள். அது முழுசாகக் கேட்டது. அடுத்த வரியை இன்னும் சன்னமாக விட்டுப் பார்த்தாள். அதுவும் கேட்டது. மாரிக்கண்ணனின் விரல்கள் அவள் மூச்சுவிடும் இடங்களில் மட்டும் நுழைந்து வெளியே வந்தன. சுடலைராஜ் குச்சிகளை வைத்துவிட்டு விரல் நுனியால் தட்டினார். பாட்டு முடிந்தது.

பிரின்ஸ்தான் மெல்ல ஆரம்பித்தான். "ஹெலனு, புளியங்குடிக்குப் பொறவு ஆடி மாசத்துல கோயில் கொடைக்கு ஒண்ணு கேட்டிருக்காங்க..."

"அதுக்கும் இந்தப் பாட்ட வச்சுக்கிடு" என்றாள் ஹெலன். "இன்னொரு தடவ படிக்கட்டா?"

படித்தாள். கூரையிலிருந்து வெக்கை அடுப்புபோல இறங்கிக்கொண்டிருந்தது. எல்லார் முதுகிலும் சட்டை ஒட்டியிருந்தது. நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ராஜேஸ்வரியின் நெற்றி சுருங்கியது. குரலுக்கு அடியில் என்னவோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை ஞாயிறும் காதில் விழாத ஒன்று. மூலையில் சுழன்றுகொண்டிருந்த பெரிய தறிக்கூடத்து ஃபேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்துச் சுவிட்சருகே போய், அதை அணைத்தாள்.