வெட்டாத ரயில் பத்திரம்

சர்வேயரின் ஆட்கள் அடித்த முளைக்குச்சி என் கிணற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. வரப்போகும் ரோட்டுக்குள் கிணறு அகப்பட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

"மூடிருவாங்க. மண்ணக் கொட்டி ரோலர விட்டுருவாங்க. நாளைக்குக் காலையில எல்லைக் கல்லு நட்டுருவேன், பொறவு வந்து அழப்படாது" என்றார் சர்வேயர். அவர் தெற்கத்திக்காரர். ஓசூர் மைசூரோடு போகுமா, மதராஸோடு இருக்குமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எந்த ராஜ்யமானாலும் ரோடு வரும் என்று சொல்லிவிட்டு அளவுச் சங்கிலியைச் சுருட்டினார்.

அதிகாரிகள் முன்னால் எனக்கு வாய் வராது. பின்னால் நின்ற என் மனைவிதான், "எங்ககிட்ட பத்திரம் இருக்குதுங்க" என்று சத்தமாகச் சொன்னாள். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்த சின்ன ரயில் எங்கள் கொல்லை நிலத்தின் வழியாகத்தான் ஓடியது. நான் குழந்தையாக இருந்தபோது வந்தது. எனக்கு நரை விழுவதற்கு முன்பே நின்றுபோனது. யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். வெறும் மண்கரை மிச்சம். அதை உழுது சமமாக்கினோம். ஊற்று அங்கேதான் இருந்தது. அங்கேயே கிணறு வெட்டினோம். கொல்லை முழுவதும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். யாராவது கேட்டால் காட்டுவதற்குப் பத்திரம் இருக்கிறது என்ற தைரியம்.

ரயிலுக்கு விட்ட நிலத்துக்குக் கிடைத்த பணத்தை அப்பா அந்தக் கம்பெனியிடமே கொடுத்து வாங்கிய காகிதம் அது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் நிலம் நம்முடையதுதான், அதற்கான பத்திரம் இது என்று அப்பா நினைத்தார். மேலே புகை விடும் எஞ்சின் படம், நடுவில் இங்கிலீஷ், ஒரு முத்திரை, கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். அந்தக் கட்டங்களை வெட்டிக் கொண்டுவரும்படி கம்பெனி குமாஸ்தா அப்பாவிடம் பலமுறை சொன்னாராம். அப்பா மறுத்துவிட்டார். பத்திரத்தில் ஓரத்தை வெட்டினால் நிலத்திலும் ஓரம் போய்விடும் என்று பயந்தார். கண்ணாடி போட்டுச் சாமி படங்களோடு மாட்டினார். ஆயுத பூஜையன்று ஏருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்த கையோடு பத்திரத்துக்கும் வைப்போம்.

அந்த வாரம்தான் பெங்களூரிலிருந்து ஒரு வயதான ஆங்கிலோ இந்தியர் வந்திருந்தார். அந்தச் சின்ன ரயிலில் கார்டாக வேலை பார்த்தவர். பழைய டிக்கெட், கை விளக்கு, கம்பெனிக் காகிதம் என்று கேட்டு வாங்கிப் போய்ச் சேர்த்து வைப்பது அவருக்கு ஒரு பைத்தியம். எங்கள் வீட்டிலும் பத்திரத்தைக் கேட்டார். நிலத்துப் பத்திரத்தை யாராவது கொடுப்பார்களா? மறுத்துவிட்டோம்.

இப்போது இங்கிலீஷ் படித்துச் சொல்ல அவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. சாயங்காலமே பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு துண்டில் சுற்றிக்கொண்டு ஓசூரில் அவர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போனேன்.

கண்ணாடியில் இருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். "இதுக்கு ஏன் மேன் பொட்டு?" என்று சிரித்தபடியே படித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இது நிலத்துப் பேப்பர் இல்லை மேன். உங்கப்பன் கம்பெனிக்குக் கடன் குடுத்திருக்கான். நிலம் கம்பெனிக்குப் போயிடுச்சு. இப்போ சர்க்காருது."

"அப்போ கெணறு, தொரை?"

"கெணறுக்கு இதுல ஒண்ணும் இல்லை."

கீழே இருந்த கட்டங்களை விரலால் தடவினார். "வருஷா வருஷம் இதை வெட்டிக் குடுத்து வட்டி வாங்கணும். எல்லாரும் வெட்டித் தின்னுட்டான். முழுசா ஒண்ணுகூட நான் பார்த்தது இல்லை" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காலையில் வந்து எனக்காக சர்வேயரிடம் பேசினால் பத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

"வர்றேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள். "காலையில பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

விடிந்தபோது கிணற்றைச் சுற்றிக் கூட்டம். கல் நடக் குழி தோண்டியாகிவிட்டது. சர்வேயர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற கார்டிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கார்டு என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்: "இதுல நிலம் இல்லை சார்."

"இத்தினி வருசமா ரயிலுக்குப் படையல் போட்டுக்கினு இருந்தியா மாமா?" என்று பக்கத்துக் கொல்லைக்காரன் கேட்டான். கூட்டம் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லைத் தூக்கச் சொல்லி சர்வேயர் கை காட்டினார். இரண்டு ஆட்கள் குனிந்தார்கள். எனக்கு எப்படி வார்த்தை வந்தது என்று தெரியவில்லை.

"சாமி, இந்தப் பக்கம் இருக்கிற ராகிக் கொல்லை என்னுது. அதுக்குப் பட்டா இருக்குது. ரோட்டை அங்க தள்ளிப் போடுங்க. கெணத்தை உட்டுடுங்க."

"வெளஞ்சு நிக்குதேய்யா."

"நிக்கட்டுங்க. ரோடு போடறவங்களுக்கும் தண்ணி வேணுமில்ல, சாமி. சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் இல்லீங்க."

சர்வேயர் ராகியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணி ஒரு பிரச்சினைதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நஷ்ட ஈடு கேக்கப்படாது. எழுதித் தருவியா?"

கைநாட்டு வைக்க வேண்டியதில்லை, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போட்டேன். கல் கிணற்றுக்கு இந்தப் பக்கம், ராகிக்கு நடுவில் இறங்கியது. கார்டு பத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

"பாதிக் கொல்லை போச்சே" என்றாள் மனைவி. கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு பச்சையும் பழுப்புமாக நின்ற ராகிக்குள் இறங்கினாள்.

ரோலர் வந்த நாளில் நான் கிணற்றோரம்தான் நின்றேன். அது கடக்கும்போது தரை அதிர்ந்து, உள்சுவரிலிருந்து இரண்டு கற்கள் பெயர்ந்து விழுந்தன. மூன்றாவது விழுமா என்று குனிந்து பார்த்தபடி நின்றேன். அதற்குள் மனைவி வந்து குடத்தை இறக்கினாள். தண்ணீர் கலங்கி வந்தது. தெளியட்டும் என்று குடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததை இறக்கினாள்.