கணவாய் ஓட்டில் உப்பு பார்த்த வீடு

பினாங்குக்குப் போகிறேன், என்ன பார்க்கலாம் என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. கடற்கரைக்கும் கோயிலுக்கும் வழி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மழை விடாமல் பெய்த ஓர் அக்டோபர் வியாழக்கிழமை, சண்டை போடுவதற்கென்றே பினாங்கின் ஜார்ஜ் டவுன் போய்வந்த கதை. கட்டணங்கள் அந்தக் காலத்தவை. அதே சில்லறையோடு கிளம்பிப் போய் என்னைத் திட்டாதீர்கள்.

அப்போது எனக்கு ஈப்போவில் பறவைக் கடை. அதிகம் விற்றது கணவாய் ஓடு. கணவாய் மீனுக்குள் இருக்கும் அந்த வெள்ளை ஓட்டைக் கூண்டில் மாட்டிவிட்டால் கிளிகளும் லவ்பேர்ட்ஸும் கொத்திக்கொண்டே இருக்கும். அலகுக்கும் எலும்புக்கும் நல்லது. ஆனால் கடலிலிருந்து வந்த ஓட்டில் உப்பு இருக்கும். ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, பிறகு காயவைக்க வேண்டும். அந்த மாதம் என் வாடிக்கையாளர்கள் வீட்டில் மூன்று பறவைகள் கிண்ணத் தண்ணீரையெல்லாம் குடித்துக் குடித்தே செத்துப்போயின. அதில் ஒன்று, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே கிளி. மனிதர் கடைக்கு வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. வெறும் கூண்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடையில் மிச்சமிருந்த ஓட்டுப் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு கரித்தது.

காலை ஆறரைக்கு ஈப்போவில் பஸ். பட்டர்வொர்த்துக்கு எட்டு வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. அங்கிருந்து பெர்ரிக்கு நாற்பது காசு, இருபது நிமிடம். மேல்தளத்தில் காற்று நன்றாக இருக்கும் என்பார்கள். அன்றைக்குச் சாரல் உள்ளே அடித்து என் பை நனைந்ததுதான் மிச்சம். வெல்ட் கீ படகுத்துறையில் இறங்கி டாக்சி கேட்டால் ஜெலுத்தோங்குக்குப் பத்து வெள்ளி என்றார் டிரைவர். ஐந்து கிலோமீட்டர்தான், ஆறு தருகிறேன் என்றேன். "ஆறு வெள்ளிக்கு யாரும் வரமாட்டாங்க லா அண்ணே, எல்லா ஜாலானும் தண்ணி" என்றார். ரோடெல்லாம் வெள்ளம் என்பதால் எட்டுக்கு முடிந்தது.

எனக்கு ஓடு அனுப்புகிற, நான் தேடிப் போன தர்மலிங்கம் அண்ணனை டிரைவருக்கே தெரிந்திருந்தது. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டு ஓட்டைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்திருக்கிறார். பாசார் சந்தையில் மீன்காரர்கள் அதையே குப்பையில் கொட்டுவதையும் பார்த்திருக்கிறார். வாளியோடு போய் அள்ளிவந்து வீட்டுக்குப் பின்னால் ஊறப்போட்டதில் தொடங்கிய தொழில். பத்து வருடத்தில் சிங்கப்பூர் வரை சரக்கு போனது. அக்கரையில் உள்ள ஜுருவில் தொழிற்சாலைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு போய்விட்டதா என்று பார்க்க அவர்களிடம் எந்தக் கருவியும் கிடையாது. அவர் மனைவி இந்திராணி அக்கா ஒவ்வொரு தொட்டியிலும் ஐந்தாறு ஓடு எடுத்து நாக்கில் வைப்பார். அவர் சரி என்றால் காயப்போடுவார்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு நாள் தண்ணீர்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசவுகளை வாசலிலேயே கொட்டியிருக்க வேண்டும். நனைந்து வந்தவனுக்கு அக்கா துண்டைக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சு என்று உட்காரவைத்துவிட்டார். கோபத்தோடு போகிறவர்கள் அந்த வீட்டுச் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மீன் குழம்பில் முதல் கவளம் தொண்டையில் இறங்கவில்லை. அவ்வளவு உப்பு. எதிரே அண்ணன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் குழம்பு கேட்டு வாங்கினார். எனக்கு விஷயம் விளங்கியது.

கை கழுவும் இடத்தில் அவர் மெதுவாகச் சொன்னார். மார்ச்சில் வந்த காய்ச்சலோடு அக்காவின் நாக்கில் உப்புச் சுவை மங்கிப்போய்விட்டதாம். அவருக்கே அது தெரியாதாம். அக்கா சரி என்றுவிட்ட தொட்டியை, அக்கா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் நேரத்தில் அண்ணன் மறுபடி நக்கிப் பார்த்து, உப்பிருந்தால் தொழிலாளிகள்மேல் பழியைப் போட்டு ஊறவைத்துவிடுவார். ஜுருவுக்கு அலைந்த ஒரு வாரம் மட்டும் அது நடக்கவில்லை. அந்தச் சரக்குதான் எனக்கு வந்தது. மிச்சம் அறுபது பெட்டி முன்னறையில் அடுக்கியிருந்தது. மறுநாள் சிங்கப்பூருக்குப் போக வேண்டியது.

நிறுத்துங்கள் என்றேன். அக்கா கையால் சரி பார்த்துக் கட்டிய பெட்டிகளை என்ன சொல்லி நிறுத்துவது என்று அண்ணன் கேட்டார். "பேருதான் என்னோடது தம்பி. தொழில் அவ நாக்குல நிக்குது. அதையும் புடுங்கிட்டா அவளுக்கு என்ன இருக்கு? நீங்க எதுவும் கேக்காம போயிடுங்க." என் நஷ்டத்தையெல்லாம் இரண்டு மடங்காகத் தருவதாகவும் சொன்னார். எனக்கு அந்த வெறும் கூண்டு ஞாபகத்துக்கு வந்ததா, வழியெல்லாம் வளர்த்த கோபம்தான் விடவில்லையா, இன்றைக்கும் தெரியவில்லை. பையில் கொண்டுவந்திருந்த அந்த ஓட்டுப் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அக்கா வந்தார். "நம்ம சரக்குல என்ன குறை?" என்று ஓர் ஓட்டை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகத்தான் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்றார். பிறகு அதை அண்ணனிடம் நீட்டினார். அவரும் வைத்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். என்னிடம் நீட்டியபோது நான் வாங்கவில்லை.

"உப்பு கரிக்குது அக்கா" என்றேன்.

 எத்தனை பறவை செத்தது என்று அக்கா கேட்டார். மூன்று என்றேன். ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அப்ப இத்தனை மாசமா நான் ஆக்கிப் போட்டது?"

 அக்கா எழுந்து முன்னறைக்குப் போய், முதல் பெட்டியின் கயிற்றை அரிவாள்மணையில் அறுத்து, ஓடுகளைத் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் கூடச் சேர்ந்து கொட்டினோம். அறுபது பெட்டிக்கும் மாலை நாலு மணி ஆனது.  திரும்பும் பெர்ரிக்குக் கட்டணம் இல்லை. அந்த இருபது நிமிடமும் நின்றுகொண்டே வந்தேன்.

நான் செய்தது சரிதான் என்று என் மனைவி சொன்னாள். வாத்தியாரும் அதையே சொன்னார். சிங்கப்பூரில் எத்தனையோ கூண்டுகள் பிழைத்திருக்கும். ஆனால் அதை அண்ணனையே, தனியாக, அன்று சாயங்காலம் வரை பொறுத்து அக்காவிடம் சொல்லவைத்திருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போனது.

இனி உங்களுக்கு. அக்டோபரில் போகாதீர்கள், போனால் பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். டாக்சியில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். பறவை வளர்க்கிறவர்கள், எந்தக் கடையில் வாங்கினாலும் ஓட்டை வீட்டில் இன்னொரு தடவை ஊறவைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஜுரு தொழிற்சாலை பிறகு வந்தது. உப்பு பார்க்கக் கருவியும் வந்தது. தொழில் முன்னைவிடப் பெரிதானது. எனக்கும் கடைசிவரை அங்கிருந்துதான் சரக்கு. அந்த வருடக் கடைசியில் அண்ணன் போன் செய்தபோது அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சமைக்கிறதையே விட்டுட்டா தம்பி. மூணு வேளையும் கடையில வாங்குறோம். உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "எனக்குத்தான் இறங்க மாட்டேங்குது."