வலிக்குது என்று சொல்லத் தெரியாதவள்

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சமையல்கட்டுக்கும் பிணவறைக்கும் நடுவே சலவைக்கூடம் இருந்தது. அங்கே இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்த ஒருத்திக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘பரவால்லக்கா’. அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. லாரி ஓட்டப் போன புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று ஒருவர் வந்து சொன்னார். சொல்ல வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “பரவாயில்லைங்க. எங்கயாவது அடிபட்டுக் கிடக்கிறாரோன்னு பயந்துக்கிட்டிருந்தேன். உயிரோட இருக்காரே, அது போதும்,” என்றாள். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. “பரவாயில்லை, தரை கழுவுற வேலை மிச்சம்,” என்றாள். அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருத்திக்குப் போயிற்று. “பரவாயில்லை, அவளுக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைங்க.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்பார்கள். அவளுக்கு எது வந்தாலும் தலைப்பாகையோடு போனதாகவே பேச்சு. தலையிலும் அடி விழுந்துகொண்டுதான் இருந்தது, அதை அவள் யாருக்கும் காட்டியதில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்பினாள். நம்ப வேண்டியதுதான். ஆனால் கடவுள் பார்ப்பதற்கும் டாக்டர் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. டாக்டருக்கு நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

சலவைக்கூடத்தில் அவளுக்குப் படுக்கை விரிப்பு வேலை. பெரிய இயந்திரத்திலிருந்து ஈர விரிப்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். இழுத்துப் பிரித்து, உதறி, சூடான உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் காய்ந்து வருவதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிப்பார்கள். மூலையோடு மூலை சேர்க்க, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வருவாள். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை அப்படி நடந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் அவர்கள் காலம் போயிற்று. அவளுக்கு எதிரே நின்றவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் வரை அணைக்க முடியாது.

ஒருநாள் ஈர விரிப்பு ஒன்று இயந்திரத்தின் கதவில் சிக்கிக்கொண்டது. முழு பலத்தோடு இழுத்தாள். வலது தோளுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“என்னக்கா ஆச்சு?” என்று ரேடியோ ஓடி வந்தாள்.

“ஒண்ணுமில்ல. துணி வந்துருச்சு பாரு.”

பத்து நாள் ஓய்வு கொடுத்தார்கள். பத்தாம் நாள் தொழிலாளர்களைப் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் தலை நிமிராமல், “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

“பரவாயில்லைங்க,” என்றாள்.

இந்தச் சொல் பொல்லாத சொல். போனால் போகட்டும் என்றும் அர்த்தம், முன்னைக்கு நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம். அவள் சொன்னது முதல் அர்த்தத்தில். டாக்டர் எழுதிக்கொண்டது இரண்டாவதை. ‘வலி குறைந்துள்ளது. பழைய வேலைக்குத் தகுதியானவர்’ என்று தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுபடி ஈரத் துணி. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இரண்டாம் வாரம் ரேடியோ யாருக்கும் தெரியாமல் இவள் பங்கையும் சேர்த்து இழுத்தாள்.

“அழுத புள்ளதான் பால் குடிக்கும். நீ சிரிச்சுக்கிட்டே இரு, உனக்கு யாரு குடுப்பா?” என்று விரிப்பின் அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

“சத்தம் போடாதடி, பரவால்ல.”

“இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னே, இந்தத் துணியிலேயே உன்னைச் சுருட்டி உருளைக்குள்ள விட்டுருவேன்!”

ஐந்தாவது வாரம் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலை வாரிக்கொள்ள முடியாமல், சீப்பை மேசையில் ஊன்றி, தலையைச் சாய்த்து அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை மகள் பார்த்துவிட்டாள். செல்போன் கடையில் வேலை செய்கிற ஒரே மகள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். அம்மா சொல்லாததை ரேடியோ போனில் சொன்னாள், முதலிலிருந்து கடைசி வரை, மூச்சு விடாமல்.

மகள் சலவைக்கூடத்துக்கே வந்து சூப்பர்வைசரைப் பார்த்தாள். அந்த மனுஷன் கெட்டவரில்லை. தாளை எடுத்துக் காட்டினார்.

“டாக்டர் எழுதினதைத்தான் நான் பார்க்க முடியும்மா. இன்னொரு தடவை அனுப்புறேன், அதுதான் கடைசி. முடியாதுன்னு அவர் எழுதினா துண்டு மடிக்கிற மேசையில உட்கார வைக்கிறேன். இந்தத் தடவையும் நல்லா இருக்குன்னு எழுதிட்டார்னா, துணி இழுக்கணும். இழுக்க முடியாதவங்களை வச்சுக்க எனக்கு இடமில்ல.”

அன்று வீட்டில் ஒத்திகை நடந்தது. மகள் டாக்டராக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“பரவா...”

“அம்மா!”

“வாய்ல வந்துருதுடி.”

“வலிக்குதுன்னு சொல்லு. நாலு எழுத்தா, அஞ்சு எழுத்தா? அவ்வளவுதானே?”

“மத்தவங்களைச் சங்கடப்படுத்துற மாதிரி இருக்கு.”

“அவரு டாக்டர்மா. வலியைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்காரு. நீ என்ன அவருக்கு ஆறுதல் சொல்லவா போறே?”

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது தோள் குலுங்கியது. அவள் முகம் சுண்டிப்போனதை மகள் பார்த்தாள். அதற்கப்புறம் ஒத்திகை நடக்கவில்லை.

மறுநாளும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். முறை வந்ததும் அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். அதே டாக்டர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. சாப்பிட்டாரோ இல்லையோ என்று நினைத்தாள். மகள் பின்னாலிருந்து அவள் முதுகில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

“சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?”

‘பரவா’ வரை நாக்குக்கு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டாள்.

“வலிக்குதுங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். “எங்கே?”

“தோள்ல. திரும்பிப் படுக்க முடியல. தலை வார முடியல. ரவிக்கை ஊக்கு மாட்ட அரை மணி நேரம் ஆகுது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. மதகு திறந்துவிட்டது. “துணி இழுக்கிறப்ப உயிர் போகுதுங்க. வீட்டுக்காரர் போனப்பவும் வலிச்சுது. இவளுக்கு நிச்சயம் பண்ணினவங்க வேண்டாம்னு சொல்லியனுப்பினப்ப, இவ முன்னாடி பரவாயில்லை, வேற நல்ல இடம் வரும்னு சொல்லிட்டேன். மறுநாள் துணிக் கிடங்குல மூட்டைக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டு அழுதேங்க. யாருக்கும் தெரியாது.”

முதுகில் இருந்த விரல் விலகியது. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கல்யாணம் நின்றபோது அம்மாவுக்கு ஒரு துளி வருத்தம்கூட இல்லை என்று மூன்று வருஷமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

டாக்டர் எழுந்து வந்து அவள் கையை மெதுவாகத் தூக்கினார். விட்டார். கை தொப்பென்று விழுந்தது. ஸ்கேன் படம் எடுக்க அனுப்பினார். மத்தியானம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“தசைநார் முழுசா கிழிஞ்சு உள்ள சுருண்டு போயிருக்கு. முதல் தடவை வந்தப்பவே தெரிஞ்சிருந்தா தைச்சிருக்கலாம். இப்ப தைச்சாலும் பிடிக்கும்னு என்னால சொல்ல முடியாது.” படத்தை மேசையில் வைத்தார். “நீங்க சொல்லலைன்னாலும் நான் கையைத் தூக்கிப் பார்த்திருக்கணும்மா.”

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. “கை இனிமே எழும்பவே எழும்பாதுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“பழைய மாதிரி எழும்பாது. பயிற்சி செஞ்சா கொஞ்சம் வரலாம். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். ஈரத் துணியைத் தொடக்கூடாது, எழுதித் தர்றேன்.”

வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தாளை வாங்க அலுவலக ஜன்னலுக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் பதிவேட்டை நீட்டினாள். கட்டிய கையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினாள். “எழுத முடியாதுல்ல, இடது பெருவிரலை வைங்க.”

விரலை வைத்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ரேகை வைத்ததில்லை. மையைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த தடவை கையெழுத்துப் போடுவேன்,” என்றாள். ஜன்னல்காரிக்கு அது காதில் விழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மூக்கை இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். அம்மா அவளிடம் பேனா கேட்டாள். மடியில் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை விரித்து, இடது கையில் பேனாவைப் பிடித்து, தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். சுழி எதிர்ப்பக்கம் போய்விட்டது. பஸ் குலுங்கியது. அடுத்ததும் சரியாக வரவில்லை.

“சீட்டு நழுவுது, பிடிச்சுக்கோ,” என்றாள்.

மகள் சீட்டின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.