அத்தையின் பிரெஞ்சு ஜிமிக்கி

எங்கள் அத்தையின் கல்யாணத்துக்குச் செய்யவிருந்த ஜிமிக்கியைச் சொல்லி எங்கள் ஊர் செல்லிப்பட்டில் இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள். அவர்களைச் சிரிக்க வைத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ரொம்ப நாளைக்கு அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்பா பெயின்ட் வேலைக்குப் போகிறவர். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தார்கள். குப்பைக்குப் போகவிருந்த சாமான்களில் இரண்டு புத்தகங்களை, அட்டை கெட்டியாக இருக்கிறதே என்று, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் பிரெஞ்சு. எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு எழுத்து புரியாது. ஆனால் உள்ளே வழவழப்பான தாளில் பக்கம் பக்கமாகக் கலர்ப் படங்கள். மேலே ஒரு குட்டி வளையம், அதிலிருந்து வளைந்து இறங்கும் கம்பி, கம்பியைச் சுற்றிப் பொன் நிற நூல், கீழே சிவப்பும் மயில் நீலமுமாக இறகுத் தொங்கல். ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயரும் இருந்தது.

அம்மா பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “கம்மல் டிசைன் புக்கு இது. கொக்கி கூட கீது பாரு.”

அத்தை புத்தகத்தை வாங்கி மடியில் வைத்து நிதானமாகப் புரட்டினாள். கடைசியில், “ஆமா அண்ணி” என்றாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்து நர்சு படிப்புக்கு மனு போட்டிருந்தாள். அதே நேரம் ஏம்பலத்திலிருந்து பெண் கேட்டும் வந்துவிட்டார்கள். நல்ல இடம். அப்பாவுக்கு இரண்டையும் விட மனசில்லை. நகை முழுக்கக் கைக்கு வந்ததும் நாள் குறிப்பேன், அதற்குள் படிப்புக் கடிதாசி வந்தால் அவள் படிக்கட்டும், வராவிட்டால் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். மற்ற நகையெல்லாம் தயார். காதுக்கு மட்டும்தான் பாக்கி.

அந்தக் காதுக்குத்தான் பிரெஞ்சு ஜிமிக்கி வேண்டும் என்றாள் அத்தை. ஒரே தங்கச்சி, ஆசைப்பட்டதைப் போடட்டுமே என்று அப்பாவும் தலையாட்டினார். திருக்கனூரில் நகை செய்கிற பத்தரிடம் புத்தகத்தோடு போனோம். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, ஈ மாதிரி கீது? முனையில எதுக்கு இந்த முள்ளு?”

“கழண்டு விழாம இருக்கத்தான்” என்றாள் அத்தை, கண்ணிமைக்காமல்.

பத்தர் ஒரு வாரம் கேட்டார். வாரம் முடிந்தபோது அத்தைக்கு வேறு பக்கத்தில் வேறு ஒன்று பிடித்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று. பச்சை இறகுக்குப் பச்சைக் கல்லா எனாமலா என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது. பெண்ணுக்கு இவ்வளவு நகை ஆசை ஆகாது என்று அம்மா முணுமுணுத்தாள். நானோ அத்தையின் பக்கம். தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் திரும்புகிற முனையை அத்தை பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த ஜிமிக்கியைத் தேடிக்கொண்டிருப்பேன்.

நாலாவது தடவை பத்தரே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், செம்புக் கம்பியில் மாதிரி ஒன்று வளைத்து எடுத்துக்கொண்டு. அதில் சிவப்பு நூல்கூடச் சுற்றியிருந்தார், பாவம். அப்பா அதைத் தூக்கிப் பிடித்து அழகு பார்த்தார். அத்தை மட்டும், இதைவிட நல்லது இன்னொரு பக்கத்தில் இருக்கிறது, புத்தகத்தை எடுத்துவா என்று என்னை உள்ளே அனுப்பினாள்.

எடுத்தவள் சும்மா வரவில்லை. புரட்டிக்கொண்டே வந்தேன். முன்பக்கத்தில் ஒரு தாள் மட்டும் மற்றதைவிடத் தடிமனாக விரலில் பட்டது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தேன், பொலபொலவென்று பிரிந்து வந்தது.

உள்ளே ஒரு வெள்ளைக்காரர் இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டிருந்தார். கையில் வில்லாக வளைந்த தூண்டில். எதிரே தண்ணீரைவிட்டு எகிறிய புள்ளி போட்ட மீன். அதன் வாயில், பத்தர் வளைத்துக் கொண்டுவந்த அதே சிவப்பு ஜிமிக்கி.

“அப்பா, இது கம்மல் இல்ல, மீன் புடிக்கிற முள்ளு!” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தர் அந்தச் செம்புக் கம்பியைத் தன் காதில் வைத்து, “நான் மாட்டிக்கினேன்பா” என்றார். அத்தையும்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தின் ஓரத்தில் காய்ந்துபோயிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போடுகிற சாதாரண ஜிமிக்கி எட்டே நாளில் வந்துவிட்டது. நாள் குறித்தார்கள், தட்டு மாற்றினார்கள். தட்டு மாற்றிய பன்னிரண்டாம் நாள் தபால்காரர் எங்கள் வீட்டு முன்னால் பெல் அடித்தார். படிப்புக் கடிதாசியை அப்பா இரண்டு முறை படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அத்தை என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

போன மாசம் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றினோம். பரணை ஒழித்தபோது அந்த இரண்டு புத்தகங்களும் கிடைத்தன. இப்போதுதான் கையில் போன் இருக்கிறதே, படம் பிடித்துத் தேடினேன். குளிர்ந்த மலை ஓடைகளில் ட்ரவுட் என்று ஒரு மீனாம். அதை ஏமாற்ற, இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டிப் பூச்சியாக்கிவிடுவார்களாம். எந்தக் காலத்துக்கு எந்த இறகு என்பதற்குத்தான் அத்தனை பக்கமும். அந்தத் தூண்டில்காரர் பக்கம் வந்தது. ஓரம் முழுக்க வரிசையாகப் பருக்கைத் தடம். புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் வீட்டுச் சோற்றால் ஒட்டிய பக்கம் அது. யார் ஒட்டியிருப்பார்கள் என்று ஒன்பது வயதில் நான் கேட்கவே இல்லை.

ஏம்பலத்துக்குப் போன் போட்டேன். அந்தத் தெருவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், பெரியவர்களுக்குச் சர்க்கரை ஏறினாலும் இன்றும் முதலில் அத்தையைத்தான் கூப்பிடுகிறார்கள்.

“அத்தை, அந்தப் பக்கத்த ஒட்டுனது நீயா?”

அத்தை சிரித்தாள்.

“பழைய சோத்துல ஒட்டிட்டேன்டி. சுடுசோத்துல ஒட்டியிருந்தா உன்னால பிரிச்சிருக்க முடியாது.”