மூன்று தட்டு, நடுவில் கனம்

சிட்டு, ஃபோன் வந்தபோது நான் பெங்களூர் போகிற ரயில் வண்டியில்தான் இருந்தேன். நம் இடத்தில், ஜன்னல் ஓரம். உன் மகள் தேவி, "அம்மா பூட்டாங்க சின்னம்மா" என்றாள். பங்காருப்பேட்டையில் இறங்கித் திரும்பி வந்தேன்.

பதினாறாம் நாள் படிக்க நாலு வரி எழுதிக் கொடு என்று நம் லேடீஸ் பெட்டிக்காரர்கள் கேட்டார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். தெரிந்ததை எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கெல்லாம் அவள் கஸ்தூரி. ஆள் சின்னது, வாய் ஓயாது. அதனால் எனக்குச் சிட்டு.

சிட்டுவின் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் கேஜுக்குப் பெல் அடித்தவர். ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற கூண்டுதான் கேஜ். அவ்வளவு ஆழத்திலிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? எல்லாம் பெல்தான். நிறுத்து என்பதற்கு ஒரு விதமாக அடிக்க வேண்டும், ஆள் ஏறியிருக்கிறது என்பதற்கு வேறு விதமாக. ஒரு அடி தப்பினால் உயிர் போய்விடும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில் விரலால் தட்டுவாராம். என்னவென்று பிள்ளைகள் சொன்ன பிறகுதான் சோறு. மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் காது சிட்டுவை விட்டுப் போகவில்லை.

பெங்களூரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடுவோம். இங்கிலீஷ் வந்தால் மட்டும் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். புது மேனேஜர் மேடம் வந்து ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்தார். எங்கே போக வேண்டும் என்று அதில் இங்கிலீஷில்தான் சொல்வார். புரியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்கோ தகரத்தை உரசுகிற மாதிரி கரகரவென்றுதான் கேட்டது. முதல் நாளே பேஸ்மென்ட்டுக்குக் கூப்பிட்டால் நான் மாப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடியில் போய் நிற்கிறேன்.

சாயங்கால வண்டியில் அழுதேன். சிட்டு என் டிபன் பாக்ஸைப் பிடுங்கினாள்.

"அழுதுகினே இருந்தா ஆச்சா? நீ இன்னா, எழுத்து எழுத்தா கேக்கறியா?"

"பின்ன எப்டிடி கேக்கறது?"

"நம்ம பேச்சுல எல்லா எழுத்தும் கியூவுல நிக்கும். அவங்க அப்டி இல்ல. ஒரு எடத்துல ஓங்கி அடிப்பாங்க, மிச்சத்த முழுங்கிடுவாங்க. அடி எங்க விழுதுன்னு பாரு, போதும்."

மூடியில் தட்டிக் காட்டினாள். பேஸ்மென்ட், கனமாக ஒன்று, லேசாக ஒன்று. கான்ஃபரன்ஸ், முதலில் கனம், பின்னால் இரண்டு லேசு. ரிசெப்ஷன், மூன்று தட்டு, நடுவில் கனம். தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தோ, சரோஜா! உன் பேரும் இப்டித்தான்டி இருக்குது."

ஒரு மாதத்தில் எனக்குக் காது திறந்துவிட்டது. வாக்கியில் வார்த்தை தெளிவாக வராவிட்டாலும் அடி வந்துவிடும். கனம் எங்கே விழுகிறது என்று பார்த்து லிஃப்ட்டில் ஏறுவேன். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ரிசெப்ஷனிலிருந்து கூப்பிட்டால் மட்டும் சிட்டு பின்னால் வந்து என் தோளில் மூன்று தட்டு தட்டுவாள். "போடி, உன்னத்தான் கூப்புடுறாங்க." எத்தனை வருஷம் இதையே செய்தாளோ, எனக்கு ஒரு நாளும் சலித்ததில்லை.

நீள வார்த்தையைப் பார்த்தாலும் எனக்குப் பயம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். "இது ரயிலுடி. முன்னால இன்னா மாட்டிருக்கு, பின்னால இன்னா மாட்டிருக்குன்னு கயட்டிப் பாரு." முன்னால் 'ரீ' இருந்தால் மறுபடியும், ரீஃபில். 'அன்' இருந்தால் திருப்பிச் செய்வது, அன்லாக், அன்லோட். பின்னால் 'லெஸ்' இருந்தால் அது இல்லாதது, வயர்லெஸ். பெட்டியே கேட்டுக்கொண்டிருந்தது. நம் பூ கட்டுகிற வள்ளி, கட்டிய பூவைக்கூடக் கீழே வைக்காமல், "அப்ப அங்கிள்னா இன்னாக்கா? கிள்ளு இல்லாதவரா?" என்றாள். எல்லோரும் சிரித்துக் கூத்தாகிவிட்டது. சிட்டு அசரவில்லை. "அது ஒத்தக் கல்லுடி. ஒடைக்கக் கூடாத கல்ல ஒடைச்சா கைதான் போவும்."

அவள் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை மேடத்திடம் என்னைப் புகழ்கிறேன் என்று போய், "சரோஜா வெரி ரெஸ்ட்லெஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஓய்வே எடுக்காமல் உழைக்கிறவள் என்று அர்த்தமாம். மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டில் ஏதாவது பிரச்னையா என்று கேட்டு, ஒரு நாள் லீவும் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் நான் திட்டினேன். "ரெஸ்ட் இல்லன்னேன், ரெஸ்ட் குடுத்துட்டாங்க. இதுல இன்னாடி தப்பு?" என்றாள்.

தை மாதம் குளிக்கப் போன இடத்தில் விழுந்தாள். வலது கையும் பேச்சும் போய்விட்டன. மூளையில் வார்த்தை இருக்கிற இடத்தில் அடி, எதிரே நிற்பவர் யார் என்று தெரிகிறதா என்றுகூடச் சொல்ல முடியாது என்றார் கோலாரில் பார்த்த டாக்டர். வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். "என்னியே வெறிச்சு வெறிச்சுப் பாக்குறாங்க சின்னம்மா" என்று தேவி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். பேச்சு எனக்கு வேண்டாம். வந்திருப்பது நான்தான் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. அவளுடைய இடது கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டுவேன். பேஸ்மென்ட். கான்ஃபரன்ஸ். ரிசெப்ஷன். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து ஞாயிறு இப்படிப் போனது.

ஆறாவது ஞாயிறு, "வரேன்டி" என்று எழுந்தேன். என் மணிக்கட்டில் அவள் விரல் பட்டது. லேசாக ஒன்று. கனமாக ஒன்று. மறுபடியும் லேசாக.

"தேவி, பாத்தியா?" என்றேன்.

"அது கை நடுக்கம் சின்னம்மா. தூங்கறப்பகூட ஆடுது."

நான் திரும்ப உட்கார்ந்து அரைமணி நேரம் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். விரல் அசையவில்லை. புதன்கிழமை ஃபோன் வந்துவிட்டது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு இப்போது நான் டிபன் மூடியில் தட்டிக் காட்டுகிறேன். அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தக் காதுதான். ரிசெப்ஷனிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் நின்று தோளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

சிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அது வெறும் கை நடுக்கமா, ரிசெப்ஷனுக்குப் போ என்றாயா, இல்லை, பேர் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டாயா?