ஸ்டாப்புங்க

ஹவில்தார் பிரான்சிஸுக்கு வாய்த்தது பட்டாளத்துக்கு ஆகாத குரல் என்று முகாமில் ஒரு பேச்சு உண்டு. மற்ற வாத்தியார்கள் போடுகிற சத்தத்தில் மரத்துக் காக்கை பறக்கும். இவர் பேசினால் பக்கத்து வீட்டுக்கு மோர் கேட்க வந்தவர் மாதிரி இருக்கும். ஆனால் கண்ணிவெடி எடுப்பதில் அவரை விட்டால் ஆள் கிடையாது என்பதையும் அதே வாய்கள்தான் சொல்லின.

தொண்ணூற்றாறில், கடல் தாண்டிய ஒரு நேச நாட்டிலிருந்து முப்பது சிப்பாய்கள் அவரிடம் பயிற்சிக்கு வந்தார்கள். கோயமுத்தூர் பக்கம் சரவணம்பட்டி தாண்டி, அப்போது வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்த பொட்டலில் முகாம். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த அவர்கள் நாட்டில் வயல், பள்ளிக்கூடம், கிணற்றடி எங்கும் வெடி புதைந்து கிடந்தது. திரும்பிப் போனதும் இவர்கள்தான் அதை எடுக்க வேண்டும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள்தான். எதிரியே கண்ணில் படாத இந்தச் சண்டைதான் அவர்களுக்குப் புதுசு.

பிரான்சிஸுக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பக்கமும் அரைகுறை இங்கிலீஷ்தான். அதிலும் ஆனைமலைக்காரர் நாக்கு சும்மா இருக்குமா? "ஸ்டாப்புங்க. லுக்குங்க. ஸ்லோவா டச்சுங்க" என்றுதான் வந்தது. அதுதான் சரியான இங்கிலீஷ் என்று நம்பிவிட்ட சிப்பாய்கள், தங்களுக்குள்ளும் "ஸ்டாப்புங்க" என்றே சொல்லிப் பழகினார்கள்.

இதைக் கேட்டு அவர் மனைவி செவ்வந்திக்குச் சிரித்து மாளவில்லை.

"ஏனுங்க, ஊரான் சிப்பாய்க்கெல்லாம் அத்தன மரியாதயாப் பேசறீங்க. எங்கிட்ட மட்டும் 'சோறு போடு'ன்னு மொட்டையா வருதுங்களே?"

"நீ என்ன வெடி மேலயா நிக்கற?"

"உங்களக் கட்டிக்கிட்டவ வேற எங்கீங்க நிக்கறா?"

பிரான்சிஸ் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த 'ங்க' வெறும் நாக்குப் பழக்கம் அல்ல. அவருடைய அப்பா ஆனைமலைப் பக்கம் தோட்டங்காட்டில் கூலிக்கு நின்றவர். முதலாளி வீட்டுப் பொடியன்களுக்கும் வாய் நிறைய 'ங்க' போடுவார். திரும்பி வந்ததெல்லாம் 'டேய்'தான். அதைப் பார்த்து வளர்ந்தவர், தன் முன்னால் நிற்கிற எந்த ஆளையும் மொட்டையாகக் கூப்பிடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். பெண்டாட்டி அந்தக் கணக்கில் சேரவில்லை என்பது வேறு விஷயம். எல்லையில் இருந்தபோது இன்னொன்றையும் கண்டார். வெடிக்குப் பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பார்த்து ஒருவன் "நில்றா" என்று அலற, அவன் திடுக்கிட்டுத் திரும்பி ஒரு காலை இழந்தான்.

சிப்பாய்களோடு வந்த கேப்டனுக்கு இந்த வாத்தியாரைப் பிடிக்கவில்லை. "இவர் என் ஆட்களைத் தாலாட்டுகிறார். அதட்டினால்தான் சிப்பாய் கேட்பான். கடைசிப் பரீட்சையில் ஒருவன் தவறினாலும் எனக்கு வேறு வாத்தியார் வேண்டும்" என்று முகாம் மேஜரிடம் சொல்லிவிட்டார். மேஜர் அதை மறைக்காமல் பிரான்சிஸிடம் சொன்னார். தன்னை ஸ்டோருக்கு மாற்றினால் மாற்றட்டும் என்றுதான் பிரான்சிஸ் நினைத்தார். அதட்டலுக்குப் பழகிவிட்டால் இந்தப் பிள்ளைகள் ஊரில் போய்க் கால்களைப் பறிகொடுப்பார்களே என்பதுதான் அவர் கவலை.

பரீட்சை அன்று பொட்டல் முழுக்கப் புகை. நாலாபக்கமும் வேட்டுச் சத்தம். மண்ணுக்குள் இருந்தவை மிதித்தால் புகை மட்டும் கக்குகிற பயிற்சி வெடிகள். வெள்ளை நாடா கட்டிய பாதையில் சிப்பாய்கள் வரிசையாகப் போனார்கள். நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவன், புகையில் நாடா தெரியாமல் விலகிவிட்டான். வெளியே நின்ற கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. தங்கள் பாஷையில் ஓங்கி ஒரு அதட்டு அதட்டினார். நெட்டையன் திடுக்கிட்டுத் திரும்பினான். ஒரு கால் மேலே எழும்பிவிட்டது. பரீட்சையில் வாத்தியார் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் போச்சு என்று பிரான்சிஸ் நினைத்தார்.

இரண்டு வேட்டுக்கு நடுவில், வரிசையின் பின்னாலிருந்து ஒருவன் நிதானமாகச் சொன்னான். "ஸ்டாப்புங்க."

முப்பது பேரும் அப்படியே நின்றார்கள். நெட்டையனும் தூக்கிய காலை இறக்காமல் கொக்கு மாதிரி நின்றான். சொன்னவன் முழங்காலிட்டு ஊர்ந்து வந்து, குச்சியால் மண்ணை மெல்லக் குத்திப் பார்த்து, அந்தக் காலுக்கு நேர் கீழே இருந்ததைத் தோண்டி எடுத்தான். பிரான்சிஸுக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது.

கேப்டன் அவரிடம் வந்து, அந்த 'ங்க' என்ன வார்த்தை என்று கேட்டார். பிரான்சிஸ் நெளிந்தார்.

"இங்கிலீஷ் இல்லீங்க சார். எங்கூர்ல மனுசனுக்குக் குடுக்கற மரியாதைங்க."

பக்கத்தில் நின்ற மேஜர் அதை இங்கிலீஷில் சொன்னார். கேப்டன் தோண்டி எடுத்த வெடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "என் சத்தத்தில்தானே அவன் திரும்பினான்?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் பிரான்சிஸ். மரியாதைக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே கேப்டன் அடுத்த குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இவரே வாத்தியாராக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். லாரியிலிருந்து குதித்தவர், மேஜருக்கு வணக்கம் வைத்த கையோடு நேரே பிரான்சிஸிடம் வந்தார். போன முறை வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கப் பயந்து பிரான்சிஸ் அவர் முகத்தையே பார்த்தார்.

கேப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தர்ட்டி மென். சிக்ஸ்டி லெக்ஸுங்க."