பட்டுக் கடை எதிரே ஒரு லாய்ட்டரர்

போன வாரம் ஆரணியில் நண்பர் பரந்தாமனின் பட்டுக் கடையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மேஜை மேலிருந்த அவருடைய செல்போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"சார்... லாய்ட்டரர்னா இன்னா சார்?"

வாசலில் புதிதாக கேமரா மாட்டியிருக்கிறார். எதிரே யாராவது அதிக நேரம் நின்றால் போனுக்குச் செய்தி வந்துவிடும் – 'லாய்ட்டரர்' என்று. ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறதாம்.

பத்தி எழுதுகிறவனிடம் அர்த்தம் கேட்டால் விடுவேனா? "ஒரு வேலையும் இல்லாம ஒரே இடத்துல நின்னுகினு இருக்கறவங்க. கொஞ்சம் சந்தேகமா சொல்ற வார்த்தை" என்றேன், பெருமையாக.

"அப்டீன்னா போலீஸ்ல சொல்லிடறேன் சார். பேஜாரா கீது."

போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு பெண். கையில் குடை. பஸ்ஸும் ஆட்டோவும் குறுக்கே போய்க்கொண்டே இருக்கின்றன. அவள் மட்டும் அசையவில்லை. ஷோகேஸ் கண்ணாடியைப் பார்த்தபடி, பாதித் தூக்கத்தில் நிற்பவள் போல...

சும்மா நிற்பது ஒரு குற்றமா என்ன? தண்ணீரே இல்லாத ஆற்றை, பாலத்தின் மேலிருந்து அரை மணி நேரம் பார்த்தவன் நான். நீங்களும் எங்கேயாவது நின்றிருப்பீர்கள். யாராவது கேட்டால் 'சும்மாதான்' என்போம். கேட்டவரும் ஏதோ வேலையாக நிற்கிறோம் என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போவார்.

"போலீஸ் எதுக்கு? கேட்டுருவோம் வாங்க" என்றேன். இருவரும் தெருவைத் தாண்டினோம்.

"யாரும்மா நீ? தினம் வந்து நிக்கிறியே?" என்றார் பரந்தாமன்.

அவள் பயந்துவிட்டாள். "பக்கத்துல முள்ளிப்பட்டு கிராமங்க. பொண்ண டியூசன்ல உட்டுட்டு வரேன். கண்ணாடிக்குள்ள அந்த பொம்மை கட்டிகினு இருக்குதே... அது நான் நெய்த பொடவைங்க."

பரந்தாமன் நம்பவில்லை. நெசவு முதலாளி ஒருவரிடம் வாங்கிய புடவை. எந்தத் தறியில் நெய்தது என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"முந்தியில மூணு வரிசை அன்னம் இருக்கும், பாருங்க. நடு வரிசை மட்டும் திரும்பிப் பாத்துகினு இருக்கும்."

"ஆமா சார், அப்டியேதான் கீது" என்றார் பரந்தாமன் என்னிடம். பொம்மையின் முந்தானை முதுகுப் பக்கம் தொங்குகிறது. தெருவிலிருந்து தெரியவே தெரியாது.

"தறியில முழம் முழமாத்தாங்க பாக்க முடியும். நெய்ய நெய்ய சுருட்டிகினே போயிடும். முடிஞ்சதும் மடிச்சுக் குடுத்துடுவோம். தோள்ல இருந்து முந்தி எப்டி விழுதுன்னு ஒருவாட்டி பாக்கணும். என்னிக்காவது பொம்மைய திருப்பி வெப்பீங்கன்னுதான் நிக்கறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வேலையற்றவள் என்று அர்த்தம் சொன்னது நான்தானே?

அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து சேல்ஸ் பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, கல்யாணப் பார்ட்டி வந்திருக்காங்க. பொம்மை மேல இருக்கறதுதான் வேணுமாம். கழட்டிடவா?"

முள்ளிப்பட்டுப் பெண்ணின் முகம் வாடியது. "பரவால்லைங்க" என்று கிளம்பப் பார்த்தாள்.

"இரும்மா!"

பரந்தாமன் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஷோகேஸுக்குள் புகுந்து, பொம்மையை இடுப்போடு பிடித்து மெல்லத் திருப்பினார்.

விளக்கு வெளிச்சத்தில் அன்னங்கள் தோளிலிருந்து வரிசையாக இறங்கின. நடு வரிசை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தன் தோளை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் விழுது" என்றாள், தனக்குத்தானே.

பரந்தாமன் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் நின்றோமோ... கல்யாணப் பார்ட்டி உள்ளே காத்துக்கொண்டிருந்தது.

பரந்தாமனின் சட்டைப் பையில் 'டிங்'. எடுத்துப் பார்த்தார்.

லாய்ட்டரர் – மூன்று பேர். அதில் ஒருவர், கடை முதலாளி!